கதவு வேஷம்

எனக்குக் கிடைத்தது கதவு வேஷம்.
வசனம் வராது, கூச்சம் என்று
முதல் நாளே கையைத் தூக்கிச் சொன்னவள் நான்தான்.
யாரையும் குறை சொல்ல முடியாது.

கடலூர் ஓ.டி.யில்
புயல் பாதுகாப்பு மையத்து மாடியில் ஒத்திகை.
செவ்வாயும் வெள்ளியும்,
வீடுகளில் மீன் வாங்காத நாட்கள் பார்த்து.
இறால் கம்பெனியிலிருந்து நாலு பேர்,
சிங்காரத்தோப்பிலிருந்து உப்பனாறு தாண்டி வருகிற தேசம்மா,
துறைமுக வாசலில் இட்லிக்கடை போடுகிற மெஹர்பான்,
நாக்கு நீளம் என்று பேரெடுத்த அஞ்சலாட்சி.

எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை.
துறைமுகத்தில் பொம்பளைக்குக் கழிப்பறை இல்லை,
அவ்வளவுதான் கதை.
விடிகாலை மூன்றரைக்கு வந்து
பதினோரு மணிவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்கள்
கதைக்கு எங்கே போகணும்?

கதவுன்னா என்ன செய்யணும் என்று கேட்டேன்.
"நில்லு" என்றாள் அஞ்சலாட்சி.
"தட்டினா திறக்காதே."

நின்றேன்.
கையை உடம்போடு ஒட்டி,
கண்ணை எதிர்ச்சுவரில் வைத்து.
ஏழு மாத வயிற்றோடு பூங்காவனம் தட்டுவாள்.
வயிறு தலையணை,
தட்டுகிற கை நிஜம்.
தேசம்மா தட்டுவது சர்க்கரைக்காரி தட்டுவது,
தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளியே இருக்காது.
சாயங்காலம் வீட்டுக்குப் போனால்
தோளில் நாலைந்து பேர் விரல் சிவந்திருக்கும்.

"கதவுக்கு என்ன வசனம்?"
கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.
நானும் சேர்ந்து சிரித்தேன்.
அந்தச் சிரிப்பு
கெளுத்தி முள் குத்தின விரல் மாதிரி
இரண்டு நாள் கடுத்தது.

ஒன்று சொல்லணும்.
கதவுக்குப் பேச்சில்லை, அதனால் கேட்கும்.
யாருக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும்,
எந்த வார்த்தையில் மெஹர்பானுக்குச் சிரிப்பு வரும்,
எதைச் சொல்லும்போது பூங்காவனம்
நடிக்காமல் அழுகிறாள்.
மூன்று வாரத்தில் எல்லார் வசனமும் என்னிடம்,
பீரோவில் வைத்த சீலை மாதிரி
மடிப்புக் கலையாமல்.

ஆடினது ஏலக் கொட்டகையில்.
ஐஸ் உடைக்கிற மெஷினை நிறுத்தச் சொன்னோம்,
நிறுத்தவில்லை.
லாரிக்காரர்கள், வலை பின்னுகிறவர்கள்,
கணக்குப்பிள்ளை, இரண்டு நாய்,
எங்கள் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும்.
நாற்காலி வரவழைத்து முன்னால் போட்டு உட்கார்ந்தார்
குத்தகைக்காரர்.

அவரைப் பார்த்ததும்
அஞ்சலாட்சிக்கு வசனம் போய்விட்டது.
அஞ்சலாட்சிக்கு!
தினமும் அவரிடம் காசு நீட்டுகிற கை
அந்தரத்தில் அப்படியே நிற்கிறது.
யாரோ விசிலடித்தார்கள்.
ஐஸ் மெஷின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கதவு பேசியது.

"ஐயா, கூடைக்குப் பத்து ரூபா வாங்கறீங்க.
அந்தப் பத்துல எத்தனை செங்கல் வரும்னு
எப்பவாவது கணக்குப் போட்டீங்களா?"

வசனம் அவளுது. குரல் என்னுது.
மெஷினுக்கு மேலே கேட்டது.
பதினாறு வருஷமாய்ச் சங்கரா, காரப்பொடி என்று
தெருத்தெருவாய்க் கூவின தொண்டை.
அதை நான் குரல் என்று நினைத்ததே இல்லை,
வியாபாரம் என்றிருந்தேன்.

அவள் வசனம் முடிந்தும் நான் நிறுத்தவில்லை.
அதற்கப்புறம் பேசினது
யார் பங்கிலும் இல்லாதது.
இங்கே எழுதப்போவதில்லை.
கேட்டவர்களுக்குத் தெரியும்.
நாய்கூட எழுந்து நின்றது என்று
மெஹர்பான் சொல்கிறாள், அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள்.

மழைக்கு முன்னால்
நாலு சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.
மேலே தகரம்.
கதவு வரவில்லை, டெண்டராம்.
உள்ளே போகிறவளுக்கு முதுகைக் காட்டி
வெளியே ஒருத்தி நிற்கிறோம், முறை வைத்து.

நேற்று என் முறை.
அந்தப் பக்கமாய் வந்த கணக்குப்பிள்ளை நின்றார்.
"என்னம்மா, இங்க நிக்கறே?"

"கதவு" என்றேன்.